புரதமாகாத ஆர்.என்.ஏவுக்கு செல்லுக்குள் என்ன வேலை?

பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மனித டி.என்.ஏவில் 2 சதவீதத்துக்கும் குறைவான பகுதியில்தான் புரதத்துக்கான குறிப்பு இருக்கிறது என்று வகுப்பில் சொன்னார்கள். மீதியிலிருந்தும், டி.என்.ஏவைப் பார்த்து எழுதும் பிரதியான ஆர்.என்.ஏ உருவாகிறதாம். புரதமாகாத அந்த ஆர்.என்.ஏவால் என்ன பயன்? எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் ஆர்.என்.ஏவைப் பிடிக்கும் புரதங்களைப் பற்றியே பேசுகிறார்களே, ஏன்? நான் ஏத்தன் வாழை இலையில் ஆர்.என்.ஏ எடுத்து ப்ராஜெக்ட் செய்கிறேன். இதை ஒட்டி இங்கே நம் ஊரிலேயே செய்கிற மாதிரி ஏதாவது உண்டா?"

ப்ராஜெக்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில், ஆர்.என்.ஏவை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் உங்கள் ஜெல்லையே எடுத்துக்கொள்வோம்.

வாழை இலையில் ஆர்.என்.ஏ எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அரைத்த கையோடு சாறு பழுப்பாகிவிடும், பாலிஃபீனால் அவ்வளவு இருக்கிறது. சர்க்கரைச் சங்கிலிகள் வேறு கொழகொழவென்று கூடவே வந்து, கடைசியில் வீழ்படிவைக் கரையவிடாமல் அடம்பிடிக்கும். சி.டி.ஏ.பி, பி.வி.பி, முட்டை அழுகிய நாற்றம் அடிக்கும் மெர்காப்டோ எத்தனால் என்று ரசாயனங்கள் எல்லாம் போட்டு, ஒரு வழியாக ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் பளிச்சென்று இரண்டு பட்டை தெரியும். கீழே பசுங்கணிகத்திலிருந்து வந்த சின்னப் பட்டைகளும் இருக்கும். அந்தப் பெரிய இரண்டும், புரதம் கட்டும் துகளான ரைபோசோமில் உள்ள 25எஸ், 18எஸ் ஆர்.என்.ஏக்கள். இரண்டுமே புரதமாகாதவை. செல்லில் உள்ள மொத்த ஆர்.என்.ஏவில் சுமார் 80 சதவீதம் ரைபோசோமுடையது, 15 சதவீதம் போல, அமினோ அமிலங்களை அங்கே சுமந்துவரும் டி.ஆர்.என்.ஏ. புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் எம்.ஆர்.என்.ஏவுக்கு மிஞ்சுவது சில சதவீதம்தான். ஜெல்லில் அது பட்டைகளுக்கு நடுவே மங்கலாக இழுவிக்கொண்டு தெரியும், அவ்வளவே. எடையை வைத்துப் பார்த்தால் புரதமாகும் ஆர்.என்.ஏதான் சிறுபான்மை.

அந்த ரைபோசோம் ஆர்.என்.ஏ கட்டடத்துக்குக் கட்டும் சாரம்போல் வெறுமனே தாங்கி நிற்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். புரதம் கட்டும் வேலையை ரைபோசோமில் உள்ள புரதங்களே செய்யும் என்பது எண்ணம். 2000ல் ரைபோசோமின் பெரிய துணை அலகின் வடிவம் அணு அணுவாகத் தெரியவந்தபோது, அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் இடத்தைச் சுற்றிப் புரதமே இல்லை, முழுக்க ஆர்.என்.ஏ. புரதங்கள் ஓரங்களில் நின்று அதன் மடிப்பைக் குலையாமல் பிடித்துக்கொண்டிருந்தன. ரைபோசோம் வடிவ ஆய்வுக்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவருக்கும் 2009ல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஆர்.என்.ஏவே நொதியாக வேலை செய்யும் என்பதை டாம் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் 1980களிலேயே காட்டி, 1989ல் நோபல் வாங்கியிருந்தார்கள். ஆல்ட்மன் ஆராய்ந்த, மற்ற ஆர்.என்.ஏவை வெட்டும் ஆர்.என்.ஏஸ் பி, பாக்டீரியாவில் ஆர்.என்.ஏவும் ஒரு சின்னப் புரதமும் சேர்ந்தது. வெட்டும் வேலையைச் செய்வது அதிலுள்ள ஆர்.என்.ஏதான். சோதனைக் குழாயில் மெக்னீசியம் உப்பை அதிகமாகப் போட்டால் புரதம் இல்லாமலும் வெட்டும். ஆனால் செல்லுக்குள் புரதத்தின் துணை இல்லாமல் அதற்குப் பிழைப்பு இல்லை.

சரி, அந்த 98 சதவீத விவகாரம். மனித மரபுத்தொகுதியில், அதாவது மொத்த டி.என்.ஏவில், சுமார் 310 கோடி எழுத்துகள், புரதத்துக்கான மரபணுக்கள் சுமார் 20,000. 2012ல் என்கோட் என்ற பெருந்திட்டம், மரபுத்தொகுதியில் 80 சதவீதத்துக்கு ஏதோ ஒரு உயிர்வேதிச் செயல்பாடு இருக்கிறது என்று அறிவித்தது. பத்திரிகைகள் 'குப்பை டி.என்.ஏ என்று ஒன்று இல்லவே இல்லை' என்று எழுதித் தள்ளின. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓர் இடத்திலிருந்து ஆர்.என்.ஏ உருவாகிறது என்பதும், அந்த ஆர்.என்.ஏவுக்கு வேலை இருக்கிறது என்பதும் வேறு வேறு. ஆர்.என்.ஏவை எழுதும் நொதியான ஆர்.என்.ஏ பாலிமரேஸ் அங்கங்கே தப்பாக உட்கார்ந்து கொஞ்சம் எழுதிவிட்டுப் போகும். செல் அதை உடனே அரைத்துவிடும். நாம் சாம்பாரில் போடும் வெங்காயத்தின் மரபுத்தொகுதி சுமார் 1,600 கோடி எழுத்துகள், நம்முடையதைப் போல ஐந்து மடங்கு. அத்தனைக்கும் வேலை உண்டு என்பவர் வெங்காயத்துக்கு நம்மைவிட ஐந்து மடங்கு எதற்குத் தேவை என்று சொல்லியாக வேண்டும். ரையன் கிரிகரி 2007ல் வெங்காயச் சோதனை என்று முன்வைத்த இந்தக் கேள்விக்கு இன்னும் யாரும் நல்ல பதில் சொல்லவில்லை.

அப்படியானால் வேலை உள்ள ஆர்.என்.ஏவை எப்படிக் கண்டுபிடிப்பது? 'அது எந்தப் புரதத்தோடு சேர்கிறது, சேர்ந்தபின் என்ன மாறுகிறது?' இதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. இதற்குப் பதில் இல்லாத கட்டுரையை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். நீங்கள் எதைத் திறந்தாலும் ஆர்.என்.ஏவைப் பிடிக்கும் புரதங்கள் வருவதற்குக் காரணமும் இதுவே. மனித செல்லில் 1,500க்கு மேல் அப்படிப்பட்ட புரதங்கள் உண்டு. ஆர்.என்.ஏவின் முதுகெலும்பில் பாஸ்பேட் இருப்பதால் அது எதிர்மின்சுமை கொண்டது. ஆர்ஜினின், லைசின் போன்ற நேர்மின்சுமை அமினோ அமிலங்கள் அதை இழுத்துப் பிடிக்கும். அது பொதுவான பிடி. எந்த எழுத்து என்று பார்த்துப் பிடிக்க, டைரோசின், ஃபினைல் அலனின் மாதிரி வளையம் உள்ளவை ஆர்.என்.ஏவின் எழுத்துகளான காரங்கள்மேல் தட்டையாகப் படிந்துகொள்ளும். ஆர்.ஆர்.எம் என்ற சுமார் 90 அமினோ அமில மடிப்புதான் இவற்றில் அதிகம் காணப்படுவது. ஒரு மடிப்பு சில எழுத்துகளைத்தான் படிக்கும். நான்கு எழுத்து வரிசை எந்த ஆர்.என்.ஏவிலும் எங்காவது இருக்கும் என்பதால், ஒரு புரதம் இரண்டு மூன்று மடிப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு நீளமாகப் படிக்கும். அப்போதுதான் ஆள் தவறாது.

ஆனால் புரதமே படிக்காமல், படிக்கும் வேலையை ஒரு சின்ன ஆர்.என்.ஏவிடம் விட்டுவிடும் ஏற்பாடும் உண்டு. உங்கள் வாழைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது அதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1990ல் பெட்டூனியாச் செடியின் பூவை இன்னும் ஆழ்ந்த ஊதாவாக்கலாம் என்று நிறத்துக்கான மரபணுவை ஒரு பிரதி கூடுதலாகச் செலுத்தினார்கள். பல பூக்கள் வெள்ளையாகப் பூத்தன. கூடுதலாகக் கொடுத்ததும் போய், ஏற்கெனவே இருந்ததும் அடங்கிவிட்டது. 1993ல் விக்டர் ஆம்ப்ரோஸ் குழு ஒரு உருளைப் புழுவின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவைத் தேடிப் போனபோது, கிடைத்தது புரதமே இல்லை, 22 எழுத்து ஆர்.என்.ஏ. அது இன்னொரு மரபணுவின் எம்.ஆர்.என்.ஏவோடு இணைந்து அதை அடக்குவதை கேரி ருவ்குன் குழுவின் வேலையும் சேர்ந்து காட்டியது. அப்போது 'புழுவுக்கு மட்டும் உள்ள விசித்திரம்' என்று விட்டுவிட்டார்கள். 1998ல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் இரட்டை இழை ஆர்.என்.ஏதான் மரபணுவை அடக்குகிறது என்று நிறுவினார்கள். 1999ல் ஹாமில்டனும் பால்கோம்பும் செடிகளில் சுமார் 25 எழுத்துள்ள சின்ன ஆர்.என்.ஏக்களைக் கண்டார்கள். ஃபயர், மெல்லோ இருவருக்கும் 2006லேயே நோபல் வந்தது. ஆம்ப்ரோஸும் ருவ்குனும் 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நடப்பது இதுதான். நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏவை டைசர் என்ற புரதம் 21 முதல் 24 எழுத்துத் துண்டுகளாக நறுக்கும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு இழை. அதை ஆர்கோநாட் என்ற புரதம் வாங்கிக்கொண்டு, ஒரு இழையை எறிந்துவிட்டு மற்றதைத் தன் பள்ளத்தில் கிடத்திக்கொள்ளும். பிறகு அந்த இழையோடு பொருந்தும் ஆர்.என்.ஏ எதிர்ப்பட்டால் வெட்டிவிடும். புதிய பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்கும் ஆட்டோக்காரரிடம் ஒரு சீட்டில் விலாசம் எழுதிக் கொடுக்கிறோம் இல்லையா, அப்படி. ஆட்டோ ஒன்றுதான், சீட்டை மாற்றினால் போகும் இடம் மாறும். செல் ஒவ்வொரு மரபணுவையும் அடக்க ஒவ்வொரு புரதம் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. 21 எழுத்து மாற்றி எழுதினால் போதும்.

செடிகளுக்கு இது வைரஸோடு போராடும் ஆயுதம். வைரஸ் பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ உண்டாகும், டைசர் நறுக்கும், ஆர்கோநாட் அந்த வைரஸின் துண்டையே வைத்துக்கொண்டு மீதி வைரஸ் ஆர்.என்.ஏவைத் தேடி வெட்டும். வைரஸ் சும்மா இருக்குமா? தக்காளி புதர்க்குட்டை வைரஸ் வகையில் பி19 என்று ஒரு புரதம் இருக்கிறது. அது எந்த எழுத்தையும் படிக்காது. இரட்டை இழைத் துண்டின் இரு முனைகளிலும் ட்ரிப்டோஃபேன் அமினோ அமிலத்தை மூடிபோல் வைத்து, நீளம் சரியாக 21 எழுத்தா என்று அளந்து பிடித்துக்கொள்ளும். துண்டு ஆர்கோநாட்டிடம் போய்ச் சேர்வதில்லை. 2003ல் இதன் வடிவத்தைப் படமாகப் பார்த்தபோது, ஆர்.என்.ஏவும் புரதமும் சேரும் விதங்களில் இவ்வளவு நேர்த்தியானது வேறு இல்லை என்று எனக்குப் பட்டது. இன்றும் வகுப்பில் இதைத்தான் முதலில் காட்டுவேன். வாழையையும் தாக்கும் வெள்ளரித் தேமல் வைரஸிடம் 2பி என்ற புரதம் உண்டு. அது சின்ன ஆர்.என்.ஏவையும் பிடிக்கும், நேரே ஆர்கோநாட்டையே போய் மடக்கவும் செய்யும்.

களக்காடு, சேரன்மகாதேவிப் பக்கம் முடிக்கொத்து நோய் வந்த வாழையைப் பார்த்திருப்பீர்கள். இலைகள் குறுகி, விறைத்து, நுனியில் கொத்தாக நிற்கும், குலை தள்ளாது. அசுவினியும், நோய் உள்ள தாய்மரத்திலிருந்து எடுத்த கன்றும் அதைப் பரப்பும். அந்த வைரஸ் டி.என்.ஏ வைரஸ்தான், ஆனாலும் தன் மரபணுக்களை ஆர்.என்.ஏவாக எழுதித்தான் ஆக வேண்டும், அங்கே மாட்டிக்கொள்ளும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் 2012ல், அந்த வைரஸ் பெருகத் தேவையான மரபணுவைக் குறிவைத்து இரட்டை இழை ஆர்.என்.ஏ உருவாக்கும் வாழையைச் செய்து, அது நோயைத் தாங்கி நிற்பதைக் காட்டினார்கள். வயலுக்கு அது வரவில்லை. இன்றைக்கும் நம் விவசாயிக்கு வழி, நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி எறிவதும் சுத்தமான கன்று வாங்குவதும்தான்.

விலங்குகளில் இந்தச் சின்ன ஆர்.என்.ஏ பெரும்பாலும் இலக்கோடு முழுசாகப் பொருந்துவதில்லை. இரண்டாவது எழுத்திலிருந்து எட்டாவது வரை பொருந்தினால் போதும். அப்போது ஆர்கோநாட் பெரும்பாலும் வெட்டாது, வேறு புரதங்களைக் கூப்பிட்டு எம்.ஆர்.என்.ஏவின் வாலைக் குறைக்க வைக்கும். வால் போனால் ஆயுளும் போச்சு. ஏழு எழுத்துதான் என்பதால் ஒரு சின்ன ஆர்.என்.ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களை லேசாகத் தணிக்கும். இதனால்தான் கணினி ஊகித்துத் தரும் இலக்குப் பட்டியல்கள் விலங்குகளில் அவ்வளவு நம்பகமாக இருப்பதில்லை. செடிகளில் ஏறக்குறைய முழுப் பொருத்தம், அதனால் உங்கள் பாடு சுலபம்.

இனி நீளமான ஆர்.என்.ஏக்கள். டீக்கடை வாசலில் கறுப்பும் செம்மண் நிறமும் வெள்ளையும் திட்டுத் திட்டாக ஒரு பூனை படுத்திருந்தால், அது பெண் என்று கிட்டப் போகாமலே பந்தயம் கட்டலாம். செம்மை நிறத்துக்கான மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனைக்கு எக்ஸ் இரண்டு. கருவிலேயே ஒவ்வொரு செல்லும் ஏதோ ஒன்றை அடைத்துவிடும். எந்தத் திட்டில் எது அடைபட்டதோ அதற்கேற்ற நிறம். இந்த அடைப்பை 1961ல் மேரி லயன் ஊகித்தார். அடைப்பது எது என்பது 1991ல் தெரிந்தது: எக்ஸிஸ்ட் என்ற, மனிதரில் சுமார் 17,000 எழுத்து நீளமுள்ள, புரதமாகாத ஆர்.என்.ஏ. தான் பிறந்த குரோமோசோமையே அது போர்த்திக்கொள்ளும். ஆனால் போர்த்தினால் மட்டும் மரபணு அடங்காது. 2015ல் சில குழுக்கள் எக்ஸிஸ்டோடு ஒட்டியிருக்கும் புரதங்களைப் பிடித்துப் பார்த்தபோது ஸ்பென் என்ற புரதம் சிக்கியது. ஸ்பென்னை எடுத்துவிட்டால் எக்ஸிஸ்ட் போய்ப் போர்த்துகிறது, மரபணுக்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கின்றன. நான் மேலே சொன்ன கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. நீளமான ஆர்.என்.ஏக்களின் பட்டியல் இப்போது புரத மரபணுக்களின் எண்ணிக்கையையே எட்டித் தாண்டிவிட்டது. எக்ஸிஸ்ட் அளவுக்கு வேலை நிரூபிக்கப்பட்டவை மிகச் சில.

மருந்துக்கடை வரை வந்துவிட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.என்.ஏ முதலில் எழுதப்படும்போது நடுநடுவே வேண்டாத பகுதிகளோடுதான் வரும். அவற்றை வெட்டி எடுத்து ஒட்டுவது சிறு உட்கரு ஆர்.என்.ஏக்களும் புரதங்களும் சேர்ந்த துகள்கள். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் இந்தத் துகள்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதை வைத்துத்தான் ஜோன் ஸ்டைட்ஸ் ஆய்வகம் 1980 வாக்கில் அவற்றைப் பிடித்தது. இந்த ஆர்.என்.ஏக்களைச் சுற்றிப் புரத வளையம் மாட்டிவிடும் வேலையைச் செய்வது எஸ்.எம்.என் என்ற புரதம். அது குறைந்தால் தண்டுவடத் தசைச் சிதைவு என்ற நோய். கைக்குழந்தை கழுத்து நிற்காமல், கால் அசைக்காமல், மூச்சுக்குத் திணறும். அப்பா அம்மா இருவருமே பழுதுபட்ட பிரதி ஒன்றைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று நெருங்கிய சொந்தத்துக்குள் கட்டும் நம் ஊர் வழக்கம் அந்த வாய்ப்பைக் கூட்டத்தான் செய்யும்.

நமக்கு எஸ்.எம்.என் மரபணு இரண்டு உண்டு. இரண்டாவது, எழுத்துக்கு எழுத்து ஏறக்குறைய முதலாவதுதான். ஏழாம் பகுதியில் ஒரு எழுத்து மாறியிருப்பதால், வெட்டி ஒட்டும்போது அந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டு, உருவாகும் புரதம் நிலைக்காமல் போகிறது. அந்தப் பகுதியை அடுத்துள்ள ஓரிடத்தில் ஹெச்.என்.ஆர்.என்.பி ஏ1 என்ற புரதம் உட்கார்ந்துகொண்டு 'இதைச் சேர்க்காதே' என்று தடுக்கிறது. நுசினர்சன் என்ற மருந்து 18 எழுத்துள்ள ஒரு செயற்கைத் துண்டு. தண்டுவட நீரில் ஊசியாகப் போட்டால் அது ஹெச்.என்.ஆர்.என்.பி உட்காரும் இடத்தில் முந்திப் போய் ஒட்டிக்கொள்ளும். புரதத்துக்கு இடம் இல்லை, ஏழாம் பகுதி சேர்ந்துவிடுகிறது, இரண்டாவது மரபணு சரியான புரதம் தருகிறது. அமெரிக்காவில் 2016 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. ஓர் ஆர்.என்.ஏவுக்கும் ஒரு புரதத்துக்கும் உள்ள ஒரே ஒரு ஒட்டைப் பிரித்துவிட்டதில் குழந்தைகள் உட்காரவும் சிலர் நடக்கவும் செய்கிறார்கள். விலைதான் சாமானியர் நினைத்துப் பார்க்க முடியாத விலை.

இன்னும் நிறைய உண்டு, பெயர் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். குரோமோசோம் முனைகளை நீட்டும் டெலோமரேஸ் தன் ஆர்.என்.ஏவை அச்சாக வைத்துக்கொண்டு எழுதுகிறது. செல்லுக்கு வெளியே போக வேண்டிய புரதங்களுக்கு வழிகாட்டும் துகளில் சுமார் 300 எழுத்து ஆர்.என்.ஏவும் ஆறு புரதங்களும் இருக்கின்றன. டி.டி.பி-43 என்ற ஆர்.என்.ஏ பிடிக்கும் புரதம், ஏ.எல்.எஸ் என்ற நரம்பு நோயில் உட்கருவை விட்டு வெளியேறித் திரண்டுபோகிறது.

சரி, ப்ராஜெக்ட். எந்தப் புரதம் எங்கே ஒட்டுகிறது என்று நேரடியாகப் பார்க்க கிளிப் என்ற முறை உண்டு: உயிருள்ள செல்மேல் 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால், ஒட்டியிருக்கும் ஆர்.என்.ஏவும் புரதமும் நிரந்தரமாகப் பிணைந்துவிடும். ஆன்டிபாடியால் புரதத்தை இழுத்து, கூட வரும் ஆர்.என்.ஏவை வரிசைப்படுத்த வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலிலும் அந்தக் கதிர் கிடையாது, ஓசோன் விடாது. ஆன்டிபாடிக்கும் வரிசைப்படுத்தவும் ஆகும் செலவு கல்லூரி ப்ராஜெக்டுக்குத் தாங்காது, அதில் இறங்காதீர்கள்.

உங்களால் முடிந்தது இது. எம்.ஐ.ஆர்156 என்ற சின்ன ஆர்.என்.ஏ செடி இளசாக இருக்கும்போது அதிகமாகவும் வயது ஏற ஏறக் குறைவாகவும் இருக்கும், அது எஸ்.பி.எல் என்ற மரபணுக்களின் எம்.ஆர்.என்.ஏவை வெட்டும். ஈட்டிக் கன்றின் இலை, குலை தள்ளப்போகும் மரத்தின் இலை இரண்டிலும் இவற்றை அளந்து பாருங்கள். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறுகிறது என்பதோடு நிறுத்தினால் தேர்வாளர் 'தற்செயலாக இருக்கலாமே' என்பார், அவர் சொல்வதும் நியாயம். ஆர்கோநாட் வெட்டினால் வெட்டு சின்ன ஆர்.என்.ஏவின் 10, 11ஆம் எழுத்துகளுக்கு நேர் எதிரே விழும். வெட்டுண்ட துண்டின் முனையில் ஒரு இணைப்பை ஒட்டி, பி.சி.ஆரில் பெருக்கி, சில குளோன்களை (தனித்தனியே பிரித்த பிரதிகளை) மட்டும் வரிசைப்படுத்தக் கொடுத்தால் வெட்டு எங்கே விழுந்தது என்று தெரிந்துவிடும். இந்த முறைக்கு ரேஸ் என்று பெயர், கேட்டால் உங்கள் வழிகாட்டி சொல்லித் தருவார். இலக்கைத் தேட பி.எஸ்.ஆர்.என்.ஏ டார்கெட் என்ற இலவசத் தளம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 2012ல் வெளியான வாழை மரபுத்தொகுதி மூசா அக்கூமினாட்டாவுடையது, அதாவது ஏ வகை. உங்கள் ஏத்தன் ஏ.ஏ.பி, மூன்று தொகுதி கொண்டது, அதில் ஒன்று பி வகையான மூசா பல்பிசியானாவிலிருந்து வந்தது. ஏ வகையை மட்டும் பார்த்து, பி.சி.ஆரைத் தொடங்கிவைக்கும் சின்னத் துண்டான ப்ரைமரை வடிவமைத்தால் மூன்றில் ஒரு பிரதி கண்ணிலேயே படாமல் போகலாம். பல்பிசியானாவின் வரிசை 2019லிருந்து கிடைக்கிறது, இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு ப்ரைமர் ஆர்டர் செய்யுங்கள். அப்புறம், இலையை வெட்டிப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தால் பாளையங்கோட்டை வருவதற்குள் ஆர்.என்.ஏ பாதி அழிந்திருக்கும். தோட்டத்திலேயே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்களிடம் அந்த நைட்ரஜன் குடுவை இருக்கும். கல்லூரியில் கடிதம் வாங்கிக்கொண்டு போய்க் கேட்டுப் பாருங்கள்.